சொந்த இணையதளம் கட்டக் கற்பது: மூன்று இலவசப் பாடங்கள், அவை கேட்கும் நேரம், கடைசியில் ஆகும் செலவு

சொந்தமாக ஒரு இணையதளம் கட்டக் கற்பதற்கு ஆகும் பணம் மிகக் குறைவு. நேரம்தான் அதிகம் ஆகும். அந்த நேரமும் பலர் எதிர்பார்க்கிற இடத்தில் போவதில்லை. பக்கத்தின் உள்ளடக்கத்தைக் குறிக்கும் மொழியான எச்டிஎம்எல் ஒரு வார இறுதியில் ஓரளவு கைவந்துவிடும். நம் கணினியில் ஒழுங்காகத் திறக்கிற பக்கத்தை, வேறொருவர் ஃபோனில், நம் சொந்த முகவரியில், பாதுகாப்பைக் காட்டும் பூட்டுக் குறியோடு திறக்க வைப்பதில்தான் முதல்முறை கட்டுபவர்கள் சோர்ந்து போகிறார்கள். பாதியில் நின்றுபோகும் தளங்கள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கின்றன. இந்தக் கட்டத்தைத் தாண்ட உதவுகிறதா என்பதே ஒரு பாடத்தை எடைபோட எங்கள் அளவுகோல்.

மதிப்பிட எடுத்துக்கொண்டவை மூன்று: ஃப்ரீகோட்கேம்ப், தி ஓடின் பிராஜெக்ட், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொசில்லாவின் எம்டிஎன். மூன்றுக்கும் கட்டணம் இல்லை. இலக்காக வைத்துக்கொண்டது நான்கைந்து பக்கம் உள்ள ஒரு தளம்: முகப்பு, நம்மைப் பற்றி, செய்யும் வேலைகள், படங்கள், தொடர்பு. ஃபோனிலும் பெரிய திரையிலும் சரியாகத் தெரிய வேண்டும். கடை, கட்டணம் வாங்குதல், உறுப்பினர் கணக்கு எதுவும் இதில் கிடையாது. அவை வேறு அளவிலான வேலைகள்.

இந்த இலக்குக்கு, நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கும் ஒருவருக்கு எங்கள் மதிப்பீடு இது. எச்டிஎம்எல் அடிப்படைக்கு 10 முதல் 15 மணி நேரம். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கு 40 முதல் 60. ஃபைல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், அவற்றை இணையத்தில் வைக்கும் கிட்ஹப், தளத்தை இணையத்தில் ஏற்றுதல் மூன்றுக்கும் சேர்த்து 8 முதல் 12. டொமைனும் (தளத்தின் சொந்த முகவரி) அதைத் தளத்தோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸும் உட்கார்ந்து செய்தால் 2 மணி நேரம்தான், ஆனால் நடுவில் காத்திருக்க ஒரு நாள் ஒதுக்க வேண்டும். பக்கங்களுக்கு எழுத்தும் படமும் தயார் செய்ய குறைந்தது 15 மணி நேரம். கடைசியில் சொன்னதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தளம் தள்ளிப்போவதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுவே காரணமாகிறது. மொத்தத்தில் மூன்று மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே நாளில் தளம் என்று சொல்கிற விளம்பரம் டெம்ப்ளேட்டை, அதாவது தயார் வடிவத்தை, நிரப்புவதைச் சொல்கிறது, கற்பதைச் சொல்லவில்லை.

ஃப்ரீகோட்கேம்ப்

2014இல் தொடங்கிய லாபநோக்கமற்ற அமைப்பு. இதன் ரெஸ்பான்சிவ் வெப் டிசைன் (எந்தத் திரைக்கும் பொருந்தும் பக்கங்களை வடிவமைப்பது) சான்றிதழ்தான் நமக்கு வேண்டியது. கணினியில் எதையும் நிறுவ வேண்டாம். பிரவுசருக்குள்ளேயே ஒரு பக்கம் விளக்கம், நடுவில் கோட் (கணினிக்கான கட்டளை வரிகள்) எழுதும் இடம், மறுபக்கம் விளைவு. ஒவ்வொரு படியும் ஒன்றிரண்டு வரிதான். எழுதியது சரியா என்று தானாகச் சோதித்துச் சொல்லும். தொடக்கப் பயிற்சிகளில் ஒன்று பூனைப் படங்கள் உள்ள ஒரு பக்கம். பிறகு கஃபே மெனு, பதிவுப் படிவம், படத்தொகுப்பு என்று போகும். சான்றிதழ் வேண்டுமென்றால் சில பக்கங்களை நீங்களே கட்ட வேண்டும்: கருத்துக்கணிப்புப் படிவம், தொழில்நுட்ப ஆவணப் பக்கம், ஒரு பொருளுக்கான அறிமுகப் பக்கம் போன்றவை.

சான்றிதழில் ஏறத்தாழ 300 மணி நேர உழைப்பு என்று போட்டிருக்கும். நம் இலக்குக்கு அவ்வளவு தேவையில்லை. பக்கத்தில் பெட்டிகளை அடுக்கும் சிஎஸ்எஸ் முறைகளான ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் இரண்டும் முடிகிற வரை செய்துவிட்டு, சிஎஸ்எஸ்ஸால் ஓவியம் வரைவது, அனிமேஷன் ஆகியவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

இதன் பலமே இதன் பலவீனமும். படிகள் சிறியவை என்பதால் கை நிற்காமல் நகர்கிறது, தினமும் திரும்பி வரத் தோன்றுகிறது. ஆனால் வெற்றுக் கோப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து எழுதச் சொன்னால் பலருக்கு ஓடாது. அறுபது படி முடித்தவர் கூட எங்கே தொடங்குவது என்று திகைப்பார். இதற்கு ஒரு மாற்று உண்டு. ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் அதே பக்கத்தை, பார்க்காமல், உங்கள் கணினியில் ஒரு ஃபோல்டருக்குள் முதலிலிருந்து எழுதிப் பாருங்கள். நேரம் ஒன்றரை மடங்காகும். கற்றது தங்கும்.

இன்னொரு குறை பெரியது. ஃபோல்டர் அமைப்பு, ஃபைல் பாதை, தளத்தை ஏற்றுவது இவற்றை இந்தச் சான்றிதழின் பயிற்சிகள் கையில் பழக்குவதில்லை. எல்லாம் அவர்கள் திரைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுவதால், ஒரு தளம் என்பது அடிப்படையில் ஃபைல்களின் தொகுப்பு என்ற எண்ணமே உருவாகாமல் போகக்கூடும்.

தி ஓடின் பிராஜெக்ட்

இதன் போக்கு நேர் எதிர். ஃபவுண்டேஷன்ஸ் என்ற முதல் பகுதியில் ஒரு வரி எச்டிஎம்எல் எழுதும் முன்பே கணினியைத் தயார் செய்யச் சொல்கிறார்கள்: விஎஸ் கோட் (கோட் எழுதும் மென்பொருள்), டெர்மினல் (கட்டளையைத் தட்டச்சு செய்யும் திரை), கிட், கிட்ஹப் கணக்கு. விண்டோஸ் வைத்திருப்பவர் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 வழியாகவோ, கணினிக்குள் இன்னொரு கணினிபோல் இயங்கும் விர்ச்சுவல் மெஷின் வழியாகவோ லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டுவர வேண்டும். மேக் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. இந்தத் தயாரிப்புக்கே நான்கைந்து மணி நேரம் போகலாம். பலர் இங்கேயே விலகிவிடுகிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் கிட்ஹப்புக்கு எஸ்எஸ்எச் சாவி (நம் கணினியை அடையாளம் காட்டும் ஃபைல்) அமைத்து முடித்துவிட்டால் பிறகு எங்கும் அது தடையாக நிற்காது.

இதை நாங்கள் உயர்வாக மதிப்பிடக் காரணம் ஒன்றுதான். முதல் பயிற்சியே சமையல் குறிப்புகள் உள்ள ஒரு சிறு தளம். அதைக் கிட்ஹப்பின் இலவசத் தள இடமான கிட்ஹப் பேஜஸில் ஏற்றுவதும் அந்தப் பயிற்சியின் பகுதி. அழகு எதுவும் இருக்காது, வெறும் எச்டிஎம்எல். ஆனாலும் இணையத்தில் யாரும் திறக்கக்கூடிய ஒரு முகவரி கையில் இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுப்பது, படத்துக்குப் பாதை எழுதுவது, தவறான பாதையால் படம் காணாமல் போவது எல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். மூன்றாவது மாதம் வர வேண்டிய அதிர்ச்சி முதல் வாரத்திலேயே வந்துபோவது நல்லது.

குறைகளும் உண்டு. பாடங்கள் பெரும்பாலும் வெளிக் கட்டுரைகளையும் காணொளிகளையும் சுட்டுகின்றன. அவற்றின் நடையும் தரமும் ஒன்றுபோல் இருக்காது. எழுதியது சரியா என்று சொல்ல இயந்திரம் இல்லை. ஃபவுண்டேஷன்ஸின் பிற்பாதி முழுக்கப் பக்கத்தை இயங்க வைக்கும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்: கல்-காகிதம்-கத்தரி விளையாட்டு, கால்குலேட்டர். நான்கு பக்கத் தளம் மட்டும் வேண்டுமென்றால் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் பாடமும் லேண்டிங் பேஜ் (அறிமுகப் பக்கம்) பயிற்சியும் முடிந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். நிரலாளர் வேலைக்குப் போகும் நோக்கம் இருந்தால் மட்டும் தொடருங்கள்.

எம்டிஎன்

2005 முதல் மொசில்லா நடத்திவரும் ஆவணத்தளம். இதைப் பாடமாக முதல் எழுத்திலிருந்து கடைசி வரை படிப்பவர் குறைவு, படிக்கவும் வேண்டாம். உங்கள் முதல் இணையதளம் என்ற சிறு பகுதி மட்டும் தவறவிடக் கூடாதது. ஃபைல்களை எப்படி அடுக்குவது, பெயர் எப்படி வைப்பது, எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், கடைசியில் ஏற்றுவது வரை ஒரே நேர்க்கோட்டில் போகிறது. பத்து மணி நேரத்துக்குள் முடிக்கலாம். ஃப்ரீகோட்கேம்ப் விட்டுவைத்த இடைவெளியை இந்தப் பகுதி அடைத்துவிடுகிறது.

மற்றபடி இது பக்கத்தில் திறந்து வைத்திருக்க வேண்டிய அகராதி. ஒரு சிஎஸ்எஸ் பண்பு வேலை செய்யவில்லையென்றால் அதன் எம்டிஎன் பக்கத்தில் எந்த பிரவுசர் எந்தப் பதிப்பிலிருந்து அதை ஏற்கிறது என்ற அட்டவணை அடியில் இருக்கும். அதைப் பார்க்கும் பழக்கம் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். டபிள்யூ3ஸ்கூல்ஸ் பலருக்கும் தேடலில் முதலில் வரும். சின்ன உதாரணங்களைச் சோதித்துப் பார்க்க வசதியானது, விளக்கம் மேலோட்டமானது. பெயர் ஒத்திருந்தாலும் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எங்கள் பரிந்துரை: முதல் பத்து மணி நேரம் எம்டிஎன்னின் முதல் தளப் பகுதி, அதை ஏற்றியும் விடுங்கள். பிறகு சிஎஸ்எஸ்ஸுக்கு ஃப்ரீகோட்கேம்ப். கற்கக் கற்க, ஏற்றிய அந்தத் தளத்தையே மெருகேற்றுங்கள். கணினியோடு நல்ல பழக்கம் உள்ளவரும் பிற்பாடு நிரலாளராக விரும்புபவரும் நேராக ஓடினுக்குப் போகலாம்.

சிஎஸ்எஸ்ஸில் நேரம் கரைவது எங்கே

நிறமும் எழுத்துருவும் யாரையும் வதைப்பதில்லை. அகலம்தான் வதைக்கும். ஒரு பெட்டிக்கு 100 சதவீத அகலம் கொடுத்து, உள்ளே இருபுறமும் 20 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி) கொடுத்தால், பெட்டி திரையைவிட 40 பிக்சல் அகலமாகிவிடும். ஃபோனில் பக்கம் பக்கவாட்டில் ஆடும். பாக்ஸ்-சைஸிங் என்ற பண்புக்கு பார்டர்-பாக்ஸ் என்ற மதிப்பை எல்லா உறுப்புக்கும் முதல் வரியிலேயே கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினை எழாது. அடுத்தது, பக்கத்தை ஃபோன் திரையின் அகலத்துக்கு வரையச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரி. அதை எழுத மறந்தால் ஃபோன் பிரவுசர் பக்கத்தைச் சுமார் 980 பிக்சல் அகலத் திரைக்கு வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பு அளவில் தெரியும். திரை அகலத்துக்கேற்பத் தோற்றத்தை மாற்றும் மீடியா குவெரி எத்தனை எழுதினாலும் பயன் இருக்காது, ஏனென்றால் ஃபோன் தன்னை அகலமான திரையாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

கிரிட் 2017இல்தான் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்தது. அதற்கு முந்தைய பாடங்கள் ஃப்ளோட் என்ற பண்பை வைத்துப் பக்கத்தை அமைக்கச் சொல்லித்தரும். தேடலில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள். இன்று ஃப்ளோட் தேவைப்படுவது படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்கு மட்டும்தான்.

தமிழில் எழுதும் தளத்துக்குச் சில கூடுதல் வேலைகள் உண்டு. இந்த மூன்று பாடங்களும் இவற்றைத் தமிழை மனதில் வைத்துச் சொல்வதில்லை. ஃபைலை, தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் முதல் வரியாகவே அந்தக் குறியாக்கத்தை அறிவியுங்கள். முதல் 1024 பைட்டுக்குள் அது வந்தாக வேண்டும் என்பது விதி. பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல் குறியிலேயே குறிப்பிட்டால், திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் சரியான குரலைத் தேர்ந்தெடுக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கட்டுரைகள் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டாதீர்கள். அடுத்தவர் திரையில் அது பொருளற்ற குறிகளாக வரும், தேடலிலும் சிக்காது. வரி இடைவெளியை எழுத்தின் உயரத்தைப் போல 1.6 முதல் 1.8 மடங்கு வையுங்கள். ஆங்கிலத்துக்குப் போதுமான 1.4 வைத்தால் மேல் வரியின் உகரக் குறியும் கீழ் வரியின் இகரக் குறியும் நெருக்கியடிக்கும். தமிழில் சொற்கள் நீளமானவை என்பதால் தலைப்புகள் ஃபோன் திரையைத் தாண்டி ஓடும். ஓவர்ஃப்ளோ-ரேப் பண்பால் அதைத் தடுக்கலாம். பத்திகளை இருபுறமும் சமமாக இழுத்து நிறுத்தும் ஜஸ்டிஃபை அமைப்பைக் குறுகிய திரையில் கண்டிப்பாகத் தவிருங்கள். வரிக்கு மூன்று சொல்தான் கொள்ளும், இடையில் பள்ளம் பள்ளமாகத் தெரியும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், தடிப்பு வகைகளும் நிறைய. ஆனால் எல்லாத் தடிப்பையும் ஏற்றாமல் இரண்டோடு நிறுத்துங்கள்.

ஏற்றுதல்: பாடம் முடிந்து வேலை தொடங்கும் இடம்

கிட்ஹப் பேஜஸும் கிளவுட்ஃப்ளேர் பேஜஸும் இலவசமாகத் தளத்தை வைத்துக்கொள்ள இடம் தருகின்றன. கிட்ஹப்பில் தளம் 1 ஜிபிக்குள், மாதப் போக்குவரத்து 100 ஜிபிக்குள் இருக்க வேண்டும் என்பது வரம்பு. சிறு தளத்துக்கு இது ஏராளம். இலவசக் கணக்கில் ரெப்பாசிட்டரி (தளத்தின் ஃபைல்கள் இருக்கும் சேமிப்பிடம்) பொதுவில் இருக்க வேண்டும், அதாவது உங்கள் ஃபைல்களை யாரும் பார்க்கலாம். இணையக் கடை நடத்த கிட்ஹப் பேஜஸைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அவர்கள் விதி சொல்கிறது. கிளவுட்ஃப்ளேரின் இலவசத் திட்டத்தில் மாதம் 500 முறை புதுப்பிக்கலாம், ஒரு ஃபைல் 25 எம்பியைத் தாண்டக் கூடாது.

இங்கே நேரும் தவறுகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியானவை. முதலாவது, ஃபைல் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும். விண்டோஸும் மேக்கும் இயல்பாக இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், தளத்தை வைத்திருக்கும் கணினியான சர்வர் அப்படி எடுத்துக்கொள்ளாது. கேமரா தந்த படத்தின் பின்னொட்டு பெரிய எழுத்தில் இருந்து, நீங்கள் கோடில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால், உங்கள் கணினியில் படம் தெரியும், ஏற்றிய தளத்தில் தெரியாது. எல்லாப் பெயரையும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல், நடுவே சிறு கோடு போட்டு வைப்பதை முதல் நாளே வழக்கமாக்குங்கள். இரண்டாவது, சாய்கோட்டில் தொடங்கும் பாதை. கிட்ஹப் பேஜஸ் ஒரு ரெப்பாசிட்டரியை உங்கள் பெயர் முகவரிக்குக் கீழே ஒரு துணைப் பாதையில் வைக்கும். சாய்கோட்டில் தொடங்கினால் அந்தத் துணைப் பாதையை விட்டுவிட்டு வேரில் போய்த் தேடும். அழகமைப்பே இல்லாமல் தளம் நிர்வாணமாக வந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மூன்றாவது, முகப்பு ஃபைலின் பெயர் இன்டெக்ஸ் என்று இல்லாமல் ஹோம் என்று இருப்பது. அப்போது பெரும்பாலும் 404 பிழை, அதாவது பக்கம் கிடைக்கவில்லை என்ற பிழை, வரும்.

பிழை வந்தால் ஊகிக்க வேண்டாம். பிரவுசரில் பிழை தேட உதவும் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து நெட்வொர்க் பகுதியில் பக்கத்தை மறுபடி ஏற்றினால் எந்த ஃபைல் கிடைக்கவில்லை என்று சிவப்பில் காட்டும். அங்கே தெரியும் முழுப் பாதையை உங்கள் ஃபோல்டரோடு ஒப்பிட்டாலே விடை கிடைக்கும்.

டொமைன்

நீங்கள் கட்டாயம் பணம் தர வேண்டிய ஒரே இடம் இதுதான். காம் (.com) முகவரிகளை நிர்வகிக்கும் வெரிசைன், டொமைனை நமக்கு விற்கும் பதிவாளர்களிடம் ஓராண்டுக்கு வாங்கும் மொத்த விலை 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் பதிவாளர்களின் விளம்பரம் புரிந்துவிடும். இதைவிடக் குறைவாக விற்பவர் முதல் ஆண்டு நட்டத்துக்குக் கொடுத்துப் புதுப்பிக்கும்போது எடுத்துக்கொள்கிறார். ஆகவே பார்க்க வேண்டியது புதுப்பிப்பு விலை. கிளவுட்ஃப்ளேர் போன்ற சில பதிவாளர்கள் லாபம் வைக்காமல் மொத்த விலைக்கே தருகிறார்கள். வாங்கும்போது கூடையில் தானாகச் சேரும் மின்னஞ்சல், பாதுகாப்புச் சான்றிதழ், தளம் கட்டும் கருவி எல்லாவற்றையும் நீக்குங்கள். பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் 2015 முதல் இலவசமாகத் தருகிறது. கிட்ஹப் பேஜஸும் கிளவுட்ஃப்ளேர் பேஜஸும் சான்றிதழைத் தாமே எடுத்துப் புதுப்பித்துவிடும். உங்கள் பெயரும் முகவரியும் பொதுப் பதிவேட்டில் தெரியாமல் மறைக்கும் வசதியையும் பல பதிவாளர்கள் இலவசமாகத் தருகிறார்கள். அதற்குக் காசு கேட்பவரை விட்டு விலகுங்கள்.

வாங்கியவுடன் ஓர் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரும். அதில் உள்ள லிங்கை 15 நாளுக்குள் சொடுக்காவிட்டால், டொமைன்களை மேற்பார்வையிடும் ஐகான் (ICANN) அமைப்பின் விதிப்படி முகவரி முடக்கப்படும். ஸ்பாம் ஃபோல்டரில் போய் விழுந்திருக்கும் அந்த மின்னஞ்சலால், நன்றாக ஓடிய தளம் மூன்றாவது வாரம் திடீரென மறையும். கோடில் என்ன தவறு என்று தேடுவது வீண்வேலை. வாங்கிய முதல் 60 நாளில் பொதுவாக வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கிட்ஹப் பேஜஸோடு இணைக்க, டிஎன்எஸ்ஸில் வேர் முகவரிக்கு (முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாதது) நான்கு ஏ ரெக்கார்டுகள் (சர்வரின் எண் முகவரியைச் சுட்டும் பதிவுகள்), 185.199.108.153 முதல் 185.199.111.153 வரை. டபிள்யூடபிள்யூடபிள்யூ முகவரிக்கு இன்னொரு பெயரைச் சுட்டும் சிநேம் (CNAME) ரெக்கார்டு ஒன்று, உங்கள் கிட்ஹப் பேஜஸ் பெயரைச் சுட்டும்படி. பதிவாளர் தாமாகப் போட்டு வைத்திருக்கும் பார்க்கிங் பக்க (தற்காலிக விளம்பரப் பக்கம்) ரெக்கார்டை நீக்க மறந்தால் தளம் ஒரு முறை திறக்கும், அடுத்த முறை விளம்பரப் பக்கம் வரும். ரெக்கார்டு மாற்றம் பரவவும் சான்றிதழ் வரவும் 24 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து மாற்றி மாற்றி அமைப்பவர்கள் காத்திருப்பை நீட்டித்துக்கொள்கிறார்கள்.

படங்களும் படிவமும்

12 மெகாபிக்சல் ஃபோன் படம் 4000 பிக்சல் அகலம், 3 முதல் 5 எம்பி எடை. முகப்பில் அப்படி ஆறு படம் வைத்தால் 18 முதல் 30 எம்பி ஆகும். ஸ்கூஷ் என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே ஓடும். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவில் தரம் 75 அளவில் சேமித்தால் பெரும்பாலான படங்கள் 200 கேபிக்குள் அடங்கும். கோடில் ஒவ்வொரு படத்துக்கும் அகலமும் உயரமும் எழுதுங்கள். இல்லையென்றால் படம் வந்து சேரும்போது கீழே உள்ள எழுத்து துள்ளும், படிப்பவர் விரல் தவறான பட்டனில் படும். பெரிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் திரையில் வர வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. நான்கு பக்கத் தளத்துக்கு அது எளிது, படங்களைக் கவனித்தால் போதும். ஃபோன் படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரம் பொதிந்திருக்கும். ஏற்றும் முன் அது நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

தொடர்புப் படிவம் பலரை ஏமாற்றும். எச்டிஎம்எல்லில் படிவம் வரைவது சுலபம், அனுப்பியதைப் பெற்றுக்கொள்ள ஒரு சர்வர் வேண்டும். கிட்ஹப் பேஜஸ் ஃபைல்களை எடுத்துக் கொடுக்க மட்டும்தான் செய்யும். ஃபார்ம்ஸ்ப்ரீ போன்ற இடைச்சேவையின் இலவசத் திட்டம் சிறு தளத்துக்குப் போதும். மின்னஞ்சல் முகவரியை அப்படியே எழுதிவிடுவதும் நேர்மையான வழிதான்.

வேர்ட்பிரஸ், தயார்நிலைக் கருவிகள், கட்டண வகுப்புகள்

வாரம் மூன்று பதிவு எழுதப் போகிறீர்கள், அல்லது கோட் தெரியாத இருவர் மூவர் சேர்ந்து எழுதப் போகிறார்கள் என்றால் கையால் எழுதும் எச்டிஎம்எல் சரிப்படாது. கோட் எழுதாமல் பதிவுகளை வெளியிட உதவும், 2003 முதல் இருக்கும் வேர்ட்பிரஸ் இதற்குத்தான். மென்பொருள் இலவசம். அதற்குத் தேவையான பிஎச்பியும் (நிரல் மொழி) மைஎஸ்கியூஎல்லும் (தரவுத்தளம்) ஓடும் ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைக்கும் சர்வர் இடத்துக்கு, பணம் தர வேண்டும். முதல் தளம் 15 முதல் 25 மணி நேரத்தில் நிற்கும். ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. மாதம் ஒன்றிரண்டு மணி நேரம் அப்டேட்டுக்கும் பேக்கப்புக்கும் நிரந்தரமாக ஒதுக்க வேண்டும். கைவிடப்பட்ட பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்கள்) தளம் உடைக்கப்படுவதற்கான வழக்கமான வாசல். ஹோஸ்டிங் நிறுவனம் பிஎச்பி பதிப்பை உயர்த்தும்போது பழைய பிளகின் ஒன்று முரண்டு பிடித்து வெள்ளைத் திரை வருவதும் உண்டு. பேக்கப் என்றால் ஃபைல்கள், டேட்டாபேஸ் இரண்டும். ஒன்று மட்டும் இருந்தால் தளம் மீளாது. அதே சர்வரில் வைத்த பேக்கப் சர்வரோடு சேர்ந்து போகும். பிளகின் எண்ணிக்கையைப் பத்துக்குள் வையுங்கள். ஹோஸ்டிங் விலையிலும் டொமைன் போலவேதான்: மூன்றாண்டு முன்பணத்துக்குக் காட்டும் மாத விலை வேறு, புதுப்பிப்பு விலை வேறு.

விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் போன்ற கருவிகளில் ஒரு நாளில் பார்க்கத் தகுந்த தளம் வந்துவிடும். அடுத்த மாதமே ஒரு நிகழ்ச்சி, அதற்கு ஒரு பக்கம் வேண்டும் என்றால் தயங்காமல் எடுங்கள். மாதக் கட்டணம் நிற்கும்போது தளமும் நிற்கும் என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள். விக்ஸில் கட்டிய தளத்தை வெளியே எடுத்து வேறு ஹோஸ்டிங்கில் வைக்க முடியாது. ஸ்கொயர்ஸ்பேஸில் பதிவுகளை ஓரளவு வேர்ட்பிரஸுக்குக் கொண்டுபோகலாம், வடிவமைப்பு வராது. எந்தக் கருவியானாலும் எழுதியதன் ஒரு படியை உங்கள் கணினியில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். டொமைனை அந்தக் கருவியிடம் வாங்காமல் வேறு பதிவாளரிடம் வாங்கினால் பின்னால் இடம் மாறுவது எளிது.

கட்டண வகுப்பு தேவையா என்று கேட்டால், பாடத்துக்காகத் தேவையில்லை. அதே உள்ளடக்கம் இலவசமாக, பெரும்பாலும் இன்னும் தெளிவாக இருக்கிறது. நீங்கள் எழுதிய கோடை ஒருவர் வரிவரியாகப் பார்த்துத் திருத்தித் தருவார் என்றால் அதற்குப் பணம் தரலாம். சேரும் முன் அதை எழுத்தில் கேளுங்கள். பதிவுசெய்த காணொளிகள் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நான்கு பக்கத் தளத்தை நிமிடங்களில் எழுதித் தருகின்றன. பாதை பிழைப்பதும் அகலம் மீறுவதும் அதிலும் நேரும். அடிப்படை தெரிந்தவருக்கு அது பத்து நிமிட வேலை, தெரியாதவர் சரி செய்யச் சொல்லிச் சொல்லி இன்னும் சிக்கலாக்கிக்கொள்வார். முதல் இருபது மணி நேரம் கையால் எழுதுங்கள், அதன்பின் அவற்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எழுதித் தந்ததில் புரியாத வரி இருந்தால் ஏற்ற வேண்டாம்.

கட்டி முடித்தபின் கையால் எழுதிய தளம் ஆண்டுக்குச் சில மணி நேரம்தான் கேட்கும்: லிங்குகள் உயிரோடு இருக்கின்றனவா, தொலைபேசி எண் சரியா, டொமைன் புதுப்பிக்கப்பட்டதா. காம் முகவரி காலாவதியானால், பதிவாளர் தரும் சலுகை நாட்கள் கடந்தபின் 30 நாள் மீட்புக்காலம் உண்டு. அதில் மீட்க, புதுப்பிப்பு விலையைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். அதுவும் போனால் ஐந்து நாளில் யாரும் வாங்கிக்கொள்ளலாம். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வையுங்கள், கார்டு மாறும்போது பதிவாளர் கணக்கிலும் மாற்றுங்கள். அந்தக் கணக்குக்கு அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றால் அந்த மின்னஞ்சலும் நிற்கும், எச்சரிக்கை உங்களுக்கு வந்து சேராது. வேறொரு மின்னஞ்சலைக் கொடுங்கள், இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள், மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள்.